எல்லோரும் கத்தரி நட்டால்...

போன வருடம் கத்தரிக்காய்க்கு நல்ல விலை. இந்த வருடம் நீங்களும் நடுகிறீர்கள், பக்கத்துத் தோட்டக்காரரும் நடுகிறார், அடுத்த ஊராரும் நடுகின்றனர். காய் ஆய்ந்து சாக்கில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால் லொறிக் கூலிக்கும் காணாது. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெல் விதைப்போருக்கும் இது தெரிந்த கதைதான். எல்லா வயலும் ஒன்றாக அறுவடைக்கு வந்தால் வியாபாரி சொல்வதே விலை. கடன்பட்டு விதைத்தவர் நெல்லை வைத்திருந்து விற்பது எப்படி?

இந்தச் சிக்கலைத்தான் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் ஆராய்ச்சி மாணவர்களும் ஆசிரியர்களும் 2010களின் முற்பகுதியில் கையில் எடுத்தனர். அவுஸ்திரேலியாவின் மேற்குச் சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அதுல கினிகே இம்முயற்சியில் முன்னின்றார். இத்தாலி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் துணைநின்றன.

கணினியின் முன் அமர முன்னர் அவர்கள் கமக்காரரிடம் போனார்கள். எந்தப் பயிரை ஏன் தெரிந்தீர்கள், யாரிடம் விசாரித்தீர்கள் என்று கேட்டார்கள். மண், விதை, பசளை பற்றிய தகவல்கள் திணைக்களங்களில் இருந்தன. ஆனால் அவை இந்தக் காணிக்கு, இந்தப் போகத்துக்கு என்று அமையவில்லை. மற்றவர்கள் என்ன நடுகிறார்கள் என்பதோ எவருக்குமே தெரியாது.

ஆகவே கைத்தொலைபேசியில் இயங்கும் ஒரு செயலியை உருவாக்கினார்கள். ‘கொவி நெண’, அதாவது கமக்காரரின் அறிவு, என்று அதற்குப் பெயரிட்டார்கள். தாம் எந்தப் பயிரை எவ்வளவு பரப்பில் நடப்போகிறோம் என்று கமக்காரர் அதில் பதிவார். எல்லோருடைய பதிவும் கூட்டப்படும். தேவைக்கு இன்னும் போதாத பயிர் ஒரு நிறத்திலும், மிஞ்சப்போகும் பயிர் வேறொரு நிறத்திலும் தெரியும். அடுத்துப் பயிர் தெரிபவர் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். எழுத்தை விட நிறம் விரைவாகப் புரியும் அல்லவா?

பலர் பதிந்தால்தான் இது பயன்தரும். பத்துப் பேர் பதிந்து நூறு பேர் பதியாவிட்டால் நிறம் பொய் சொல்லும்.

எமக்கு இன்னொரு தடையும் உண்டு. பரப்பைப் பதியச் சொன்னால், எந்தக் காணியின் பரப்பை? 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முசலி முஸ்லிம் மக்கள் திரும்பி வந்தபோது காணிகள் காடாகிக் கிடந்தன; 2012 இல் அப்பகுதியில் ஒதுக்குக் காடுகள் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. முள்ளிக்குளத்தவர் 2007 இல் ஊரை விட்டார்கள்; அங்கே கடற்படை முகாம் அமைந்தது; 2017 இல்தான் ஒரு பகுதியை விடுவிக்கும் அறிவித்தல் வந்தது. இந்தத் தடையை எந்த மாணவரின் செயலியும் நீக்காது. அது கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் தீர்க்கப்பட வேண்டியது.

ஆனால் அந்த மாணவர்கள் கேட்ட கேள்வியைக் கேட்க எமக்குத் தொலைபேசி வேண்டியதில்லை. காலபோகத்துக்கு முன் குளத்துக் கூட்டம் கூடுகிறது. தண்ணீர் விடும் திகதி அங்கே முடிவாகிறது. மேட்டுக்காணியில் யார் என்ன மரக்கறி, எத்தனை பரப்பு நடப்போகிறார் என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி, கமக்காரர் அமைப்பின் செயலாளர் எல்லோரும் கேட்க வாசிக்கலாம்.