நவராத்திரிக் காலத்துச் சாப்பாட்டு மேஜை அலங்காரம்

சென்னைக்கு மேற்கேயுள்ள பூவிருந்தவல்லி, ஆவடி முதலிய பிரதேசங்களில் சொர்ணவாரி நெல் அறுவடையாகி, சம்பா நடவும் முடிந்து, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பாக விவசாயிக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் காலம் புரட்டாசி மாதமாகும். மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. சரஸ்வதி பூஜைக்கும் விஜயதசமிக்கும் பெண்கள், மாப்பிள்ளைகள், சம்பந்திகள், பட்டணத்து உறவினர் எல்லோரும் கிராமத்து வீட்டிற்கு வந்து சேருகின்றனர். தரையில் இலை போட்டுப் பந்தி வைத்த வீடுகள் பலவற்றிலும் இப்போது சாப்பாட்டு மேஜை வந்துவிட்டது. அம்மேஜையின் நடுவில் பெரும்பாலும் காணப்படுவது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூச்செண்டே. நெல் விளையும் வயலையும் பூ விளையும் தோட்டத்தையும் சொந்தமாக வைத்துக்கொண்டு, தூசி படிந்த பிளாஸ்டிக் பூவின் முன் விருந்தினரை உட்கார வைப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. ஆகையால், நிலத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே மேஜையின் நடுவில் ஓர் அலங்காரத் தட்டு அமைப்பது எப்படி, அதில் எவற்றை வைக்கலாகாது என்பவற்றை இங்கு விவரிக்கிறேன். பின்னதே முக்கியமானது, ஆயினும் முன்னதிலிருந்து தொடங்குவோம்.

குளிர் தேசத்தார் இதே பருவத்தில் மரத்திலிருந்து உதிரும் சிவந்த இலைகளையும் மஞ்சள் இலைகளையும் பொறுக்கி மேஜையில் பரப்புவர். நம் ஊர் மரங்கள் இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். சரத் ருதுவில் அவை பசுமையாகவே நிற்கும். ஆகவே அவர்களுடைய முறையை அப்படியே எடுத்துக்கொள்வதில் பயனில்லை. அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நடைபெறும் நன்றி கூறும் பண்டிகையில் பறங்கிக்காயும் மக்காச்சோளக் கதிரும் மேஜையை அலங்கரிக்கின்றன. அவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் தோட்டங்களுக்கு வந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. பறங்கி என்ற பெயரே அதற்குச் சாட்சி. துலுக்கச் சாமந்தியும் மெக்ஸிகோ தேசத்துச் செடியே. அங்கு நவம்பர் மாதத் தொடக்கத்தில் இறந்தோரை நினைக்கும் நாளில் அப்பூவைக் குவித்து வைக்கின்றனர். ஜப்பானியரோ சரத்காலப் பௌர்ணமியன்று நாணலைப் போன்ற ஒரு புல்லின் வெண்கதிர்களை ஜாடியில் செருகி, பக்கத்தில் அரிசி உருண்டைகளை வைப்பர். நமக்கு மிக அருகில் நிற்பது இந்த ஜப்பானிய வழக்கம் என்பது என் அபிப்பிராயம். ஏரிக்கரை நாணல் நம்மிடமும் அதே மாதத்தில்தான் பூக்கிறது.

பூவுக்கும் இப்பிரதேசத்துக்கும் உள்ள சம்பந்தம் பழமையானது. ஊரின் பெயரிலேயே பூ இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் பிறந்து, இங்கு நந்தவனம் வைத்து, அதன் மலர்களைக் காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு சென்று சமர்ப்பித்தார் என்பது ஐதீகம். இன்று அந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் நந்தவனங்களுக்குப் பதில் மனைப்பிரிவுகளே மிகுதி. அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை அமைந்தபின் வயல்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. எஞ்சியுள்ள நிலக்காரர்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: பூ வாங்கக்கூடிய குடும்பங்கள் இப்போது வரப்புக்கு மறுபக்கத்திலேயே குடியிருக்கின்றன.

தட்டு எதுவாயினும் ஆகலாம். பழைய பித்தளைத் தாம்பாளம், அகன்ற உருளி, பழுதில்லாத மூங்கில் முறம் ஆகிய மூன்றும் நல்லவை. எதிரெதிரே உட்கார்ந்திருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டுமாதலால் அலங்காரத்தின் உயரம் ஓர் அடியைத் தாண்டலாகாது. அகலம் மேஜையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் குழம்புப் பாத்திரத்திற்கு இடமிராது. அப்படிப்பட்ட அலங்காரத்தை வீட்டு அம்மாள் முதல் பந்தியிலேயே எடுத்துக் கூடத்தில் வைத்துவிடுவாள்.

அலங்காரத்திற்கு முதுகெலும்பு நெற்கதிரே. இதற்கென்று தனியாக ஒரு மூலையில் இருபது முப்பது தூர்களை அடையாளமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முற்றும் பழுத்த கதிரை அறுத்தால் காய்ந்தபின் மணி உதிர்ந்து மேஜையெல்லாம் நெல்லாகும். கதிரின் நுனி மணிகள் மஞ்சளாகி, அடிமணிகளில் சிறிது பசுமை தங்கியிருக்கும்போதே, தாளோடு ஓர் அடி நீளத்திற்கு அறுத்து, இலைகளை உரித்துவிட்டு, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகப் பத்து நாள் தொங்கவிட வேண்டும். தலைகீழாகத் தொங்கவிடாவிட்டால் தாள் வளைந்து காய்ந்துவிடும். பிறகு அதை நிமிர்த்த இயலாது. வெயிலில் போட்டால் பொன்னிறம் வெளுத்துப்போகும். எனவே நிழலில் உலர்ந்தபின் ஒரே ஒரு நாள் மட்டும் நல்ல வெயில் காட்டுவது போதும்.

அந்த ஒரு நாள் வெயிலை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நெல் அந்துப்பூச்சி வயலில் நிற்கும் கதிரிலேயே முட்டையிடும் வழக்கமுடையது. புழு மணிக்குள்ளே இருந்து தின்று, அந்தாக வெளிப்பட்டுப் பறந்து, வீட்டிலுள்ள நெல்லில் மறுபடி முட்டையிடும். மேஜையில் அழகாக இருக்கும் கதிர்க்கட்டு, விதை நெல்லுக்கு விரோதியாக மாறுவது இவ்வாறே. ஆகையால் அலங்காரக் கதிரை விதை நெல் உள்ள அறையில் ஒருகாலும் வைக்கலாகாது; பண்டிகை முடிந்தவுடன் வீட்டிற்கு வெளியே தாழ்வாரத்தில் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். நம் முன்னோர் கதிர்க்குஞ்சத்தை வாசலில் தொங்கவிட்ட வழக்கம் இவ்வகையிலும் புத்திசாலித்தனமானதே.

நெற்கதிருக்கு அடுத்தபடி ஏரியிலிருந்து நாணலும் சம்பும் கொண்டுவரலாம். நாணற்கதிர் உறையைவிட்டு வெளிவந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் வெட்டப்பட வேண்டும். முழுவதும் விரிந்தபின் வெட்டினால் பஞ்சு பறக்கும். சம்பின் பழுப்பு நிறக் கதிரும் அப்படியே. முற்றியதை வைத்தால் விருந்தின் நடுவே வெடித்துப் பஞ்சு முழுவதும் தயிரில் விழும். கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏரிக்கரையின் மண்ணைப் பிடித்து நிறுத்துவது நாணலின் வேர்த்தொகுதி. கதிரை மட்டும் கொய்வதால் கரைக்குத் தீங்கில்லை. தூரோடு பிடுங்குவோரை, அதுவும் மழைக்கு முந்திய இம்மாதத்தில், அனுமதிக்கலாகாது.

வர்ணத்திற்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் போதும். இரண்டையும் நெற்கதிரைப்போலவே தலைகீழாக, ஆனால் இருட்டறையில் உலர்த்த வேண்டும்; வெளிச்சத்தில் உலர்ந்தால் நிறம் மங்கும். கோழிக்கொண்டையை உலர்த்தும்போது கீழே ஒரு துணி விரித்து வைத்தால் கறுப்பு விதைகள் அதில் சேரும். அவையே அடுத்த வருஷத்து நாற்றங்காலுக்கு விதை.

புதிய பூவாகத் துலுக்கச் சாமந்தியை வைக்க விரும்புவோர் ஆனி மாதத்திலேயே விதைத்திருக்க வேண்டும். விதைத்து மூன்று மாதங்களில் பூ நன்றாக வரும் என்று கணக்கு வைத்து, பூஜை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்க. ஆடியில் ஒன்றரை அடிக்கு ஓர் அடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் நட்டு, நட்ட ஒரு மாதத்தில் நுனிக்குருத்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். விடியற்காலையில் பறித்து, காம்பைச் சாய்வாக வெட்டி, உடனே ஜலத்தில் வைக்க வேண்டும். பழுத்த வாழைப்பழத்தைப் பூவுக்குப் பக்கத்தில் வைப்பது அநேக வீடுகளில் காணும் வழக்கம். பழுக்கும் கனிகள் எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அது பல மலர்களைச் சீக்கிரம் வாட்டிவிடும். பழத்தட்டு தனியே இருக்கட்டும்.

விற்பனைக்குப் பூ வளர்ப்போருக்கு ஆயுத பூஜையன்று இருக்கும் விலை மறுநாளே சரிந்துவிடுவது தெரிந்த விஷயம். 2020-ஆம் வருஷம் மே மாதத்தில் கொள்ளை நோயின் காரணமாகக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டதும் நினைவிருக்கலாம். செடியில் நிற்கும் சாமந்தி சந்தை திறக்கும்வரை காத்திராது. உலர்ந்த வாடாமல்லிக்கு அந்த அவசரமில்லை. முழு நிலத்தையும் பூஜை நாளை நம்பிச் சாமந்திக்கே விடாமல் நாலைந்து சென்ட் அளவு வாடாமல்லிக்கும் கோழிக்கொண்டைக்கும் ஒதுக்கி, நெற்கதிரோடு சேர்த்துக் கட்டி, ஆவடி, அம்பத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தட்டாகவே விற்றுப்பார்க்கலாம். முதல் வருஷம் சிறிய அளவிலேயே செய்வது உசிதம்.

பறங்கிக்காயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மேல்நாட்டார் அதைக் குடைந்து பூ ஜாடியாக்குவர். நம் ஊர்ப் புழுக்கத்தில் குடைந்த காய் இரண்டு நாளில் அழுகும். இரண்டங்குலக் காம்போடு வெட்டி, பத்து நாள் உலரவிட்டு, முழுக்காயாகவே தட்டில் வைத்தால் பண்டிகை முடிந்தபின் கறியும் ஆகும். ஆயுத பூஜையன்று நடுச்சாலையில் உடைக்கப்பட்டு, இருசக்கர வாகனங்களைச் சறுக்கிவிடும் சாம்பல் பூசணிக்கும் இக்கதி கிடைத்தால் நன்று.

இனி விலக்க வேண்டியவை. சாமி அலங்காரத்திற்கு ஏற்றதெல்லாம் சாப்பாட்டு மேஜைக்கு ஏற்றதல்ல. கோயிலில் பூவைக் கண்ணால் மட்டுமே காண்கிறோம். மேஜையில் அது சோற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, குழந்தைகளின் கைக்கும் எட்டுகிறது. முதலில் அரளி. இப்பருவத்தில் மலிவாகக் கிடைப்பதாலும் நிறம் அழகாயிருப்பதாலும் இதையே பலர் தேடுகின்றனர். இதன் பூ, இலை, பட்டை, வேர் யாவும் விஷம். காம்பை வைத்த ஜலத்தைக்கூட நம்பலாகாது. 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டார் தம் கோயில்களின் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கினர். கோயிலே பிரசாதத்திலிருந்து விலக்கிய பூவை நாம் சோற்றுக்குப் பக்கத்தில் வைப்பானேன்? மஞ்சள் அரளியின் காய் இன்னும் கொடியது. அதன் விதை இருதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்கும்.

இரண்டாவது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் இவ்விதையைப் பிள்ளையார் பொம்மையின் கண்ணுக்கு வைப்பது வழக்கமாதலால் பயமற்ற வஸ்து என்று எண்ணுகின்றனர். மேல்தோல் கடினமாயிருப்பதால் முழுதாக விழுங்கியது சில சமயம் தீங்கின்றி வெளியேறக்கூடும். ஆனால் மென்றதும், கோப்பதற்காகத் துளையிட்டதும் மிக அபாயகரமானவை. மூன்றாவது செங்காந்தள். வேலியில் ஐப்பசி மழையோடு தீச்சுடர்போல் பூக்கும் இது தமிழ்நாட்டின் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கங்களில் மருந்து விதைக்காகச் சாகுபடியும் செய்யப்படுகிறது. இதன் கண்வலிக் கிழங்கு கொடிய விஷமென்பது பலருக்குத் தெரியும். பூவும் தண்டும் விதையும்கூட விஷமென்பது தெரிவதில்லை. ஊமத்தையின் பூவையும் முட்காயையும் சொல்ல வேண்டியதே இல்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் கெடும். குழந்தை இவற்றில் எதையேனும் வாயில் போட்டதாகச் சந்தேகம் ஏற்பட்டாலும், அறிகுறிக்குக் காத்திராமல், வாயிலிருந்து எடுத்த மிச்சத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். எந்தச் செடி என்று வைத்தியருக்குத் தெரிவது பாதி உதவி.

சந்தையில் வாங்கிய பூவிலும் ஜாக்கிரதை தேவை. பூச்சிமருந்து தெளிக்கப்பட்டதா, எப்போது தெளிக்கப்பட்டது என்பது வாங்குவோருக்குத் தெரியாது. அப்பூவிதழ்களை வாழையிலையின் மேலும் தண்ணீர்க் குவளையிலும் தூவும் புதுப்பழக்கம் வேண்டாம். வீட்டுத் தேவைக்கு விட்ட செடிகளுக்கு மொட்டு கண்டபின் மருந்து தெளிக்காமலிருப்பது உத்தமம். உலர்ந்த நாணலும் கதிரும் பொறி பட்டால் பற்றிக்கொள்ளுமாதலால் அத்தட்டின் அருகில் அகல் விளக்கும் மெழுகுவர்த்தியும் ஏற்றலாகாது.

கடைசியாக, இவையெல்லாம் கிடைக்காத வீட்டிற்கும் ஏற்ற ஓர் அலங்காரம் உண்டு. கொலுவில் பூங்கா வைப்பதற்குக் கேழ்வரகும் கடுகும் முளைக்கவிடும் வழக்கத்தை மேஜைக்கும் கொண்டுவரலாம். விளிம்புள்ள தட்டில் ஒரு விரற்கடை உயரம் ஈர மணல் பரப்பி, இரவில் ஊறவைத்த கேழ்வரகைப் பூஜைக்கு ஆறு நாள் முன்பு நெருக்கமாகத் தூவித் தினமும் நீர் தெளித்து வந்தால் பச்சைக் கம்பளம்போல் எழும்பும்.

நெல் விவசாயிகள் கேழ்வரகுக்குப் பதிலாகத் தம் விதை நெல்லையே இவ்வாறு இட்டுப்பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நவரைக்கு வைத்திருக்கும் விதையிலிருந்து, பொறுக்காமல், வந்தபடி 100 மணி எடுத்து, ஒரு நாள் ஊறவைத்து, வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை இட வேண்டும். மகாளய அமாவாசையன்று இட்டால், முளைப்பை முடிவாக எண்ண வேண்டிய 14-ஆம் நாள் விஜயதசமி கழிந்து பௌர்ணமியை ஒட்டி வரும். அதுவரை தட்டு மேஜையிலேயே இருக்கலாம், வந்தவர்களும் பார்க்கலாம். சான்று விதைக்கு 100-க்கு 80 முளைக்க வேண்டுமென்பது விதி. உங்கள் தட்டில் அதற்குக் குறைந்தால் விதையை உடனே கழித்துவிட வேண்டாம். சொர்ணவாரியில் அறுத்த புதுநெல்லாயின் சில ரகங்கள் சில வாரம் உறக்கத்திலிருக்கும். கார்த்திகையில் மற்றொரு 100 மணி இட்டுப் பார்த்து, அப்போதும் குறைவாயின், மார்கழி பிறப்பதற்குமுன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் புது விதைக்குச் சொல்லி வைக்கவும்.