எளியவருக்கும் வழிவிடும் கோல்ஃப் களம்

கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடி தொடங்கும் ‘டீ’ என்னும் மேடைக்கும், குழியைச் சுற்றி ஒட்ட மழிக்கப்பட்ட ‘கிரீன்’ என்னும் புல்தரைக்கும் இடையில் களம் வகுப்பவர் வைக்கும் தடைகள் பொதுவானவையாகத் தோன்றினும், அவை எல்லாரையும் ஒரே அளவில் வருத்துவதில்லை. களங்களை மதிப்பிடும் முறையில், பந்து உருளும் தூரத்தையும் சேர்த்து, ‘ஸ்கிராட்ச்’ எனப்படும் தேர்ந்த ஆடவரின் முதல் அடி 250 கெஜமும், ‘போகி’ எனப்படும் நடுத்தர ஆடவரின் அடி 200 கெஜமும் செல்வதாகக் கொள்ளப்படுகிறது. பெண்களுக்கு இவ்வளவுகள் 210, 150. ஆகவே 190 கெஜத்தில் குறுக்கே கிடக்கும் ‘பங்கர்’ என்னும் மணற்பள்ளத்தைத் தேர்ந்தவரின் பந்து எளிதில் தாண்டிவிட, ஏற்கெனவே பின்தங்கியவரே அதில் விழுந்து மேலும் பின்தங்குகிறார்.

பிழையான அடிக்குத் தண்டனை தவறக்கூடாது என்ற கொள்கையால் அமெரிக்காவின் ஓக்மாண்ட் களம் பெயர்பெற்றது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய களமோ வேறு வழி காட்டுகிறது. அங்கு 14ஆம் குழியில் ‘நரகம்’ என்று பெயர்பெற்ற பெரிய பங்கரைத் தாண்ட வல்லவர் நேரே அடிக்கலாம். அஞ்சுபவர் இடப்புறம் 5ஆம் குழியின் புல்வெளிக்கு ஒதுங்கிச் சுற்றிவரலாம். இக்களத்தை அளந்து 1924இல் வரைபடமாக்கிய அலிஸ்டர் மெக்கன்சி, ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் வகுத்து 1933இல் திறக்கப்பட்ட அகஸ்டா களத்திலும் அந்நெறியையே கையாண்டார். அதன் 13ஆம் குழியில் கிரீனுக்கு முன் ஓடும் ஓடை, இரண்டாம் அடியிலேயே கிரீனை எட்ட முயல்பவரையே பெரிதும் அச்சுறுத்துகிறது. மூன்று அடியில் வருபவர் ஓரடியை விலையாகக் கொடுத்து அமைதியாகக் கடக்கிறார். கண்டிப்பான களத்தைவிட இத்தகைய களமே கூர்ந்த அறிவைக் கோருகிறது எனலாம்.

ஆட்டக்காரரின் திறனுக்கேற்பச் சலுகை அடிகள் தரும் ‘ஹேண்டிகேப்’ முறையிலும் களத்தின் இயல்பு கணக்கிடப்படுகிறது. ‘ஸ்லோப்’ என்னும் எண் 55 முதல் 155 வரை அமையும். 113 அதன் நடுநிலை. அது களத்தின் கடுமையைக் காட்டுவதாகப் பலர் கருதினாலும், ஸ்கிராட்ச் ஆட்டக்காரரைவிடப் போகி ஆட்டக்காரருக்குக் களம் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதையே உண்மையில் அளக்கிறது. எனினும் சலுகை அடிகள் மதிப்பெண்ணைச் சமன்செய்யுமேயன்றித் தாண்ட முடியாத பள்ளத்தைத் தாண்டவைக்கமாட்டா.

அதனாலேயே களம் வகுப்பவரான ஆலிஸ் டை, பெண்களுக்குள்ளும் அடிவலிமை வேறுபடுவதால் அவர்களுக்கு இரு டீக்கள் வேண்டுமென வலியுறுத்தினார். மேற்கண்ட அளவுகளின்படி, ஸ்கிராட்ச் ஆடவருக்கு 400 கெஜமான குழி போகி பெண்ணுக்கு 240 கெஜமாக இருந்தால்தான் இருவரும் ஒத்த எண்ணிக்கையிலான அடிகளில் கிரீனை எட்ட இயலும். பல களங்களில் பெயரளவுக்குச் சில கெஜம் முன்னே வைக்கப்படும் டீ அதற்குப் போதாது.