நேரம் பார்த்து வரும் பழுது

பழைய வண்டி, பழகிய வழி: ஒன்பதாவது கட்டுரை

சென்ற வாரம் டீசல் வண்டியின் புகையைப் பற்றிப் பேசினோம்; கறுப்பும் வெள்ளையும் நீலமுமாக வெளிப்படும் ஒவ்வொன்றும் எஞ்சினின் எந்தக் குறையைக் காட்டுகிறது என்று ஆராய்ந்தோம். புகையாவது கண்ணுக்குத் தெரிவது. நின்று நிதானமாகப் பார்க்கக்கூடியது. இந்த வாரத்து விஷயமோ அவ்வளவு எளிதில் பிடிபடுவதன்று. வீட்டு வாசலில் நான்கு சிலிண்டர்களும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டி, வத்தளைச் சந்தியின் நெரிசலில் நிற்கும்போது திடீரென்று குலுங்கி, ஒரு துடிப்பை விழுங்கி, அடுத்த கணமே ஒன்றும் நிகழாததுபோல் ஓடத் தொடங்கி, கராஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பின்னர் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்தக் குறையைக் காட்ட மறுத்துவிடுமானால், அதன் சொந்தக்காரர் அடையும் சங்கடத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள். விட்டு விட்டு வரும் இந்த 'மிஸ்ஸிங்'கை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதே நமது விசாரணை.

வத்தளையை அடுத்த ஹெந்தளையில் இத்தகைய பழைய டீசல் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. 1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது ஜப்பானிலிருந்து வரத் தொடங்கிய ரீகண்டிஷன் கார்களிலும் வான்களிலும் டீசல் எஞ்சின் பூட்டியவற்றை, எரிபொருளின் விலை மலிவு என்ற காரணத்தால், நம்மவர்கள் விரும்பி வாங்கினார்கள். டொயோட்டாவின் 1839 கனசென்ரிமீற்றர் கொண்ட '1சி' எஞ்சினும், 1974 கனசென்ரிமீற்றர் கொண்ட '2சி' எஞ்சினும் அவ்வாறு நம் தெருக்களுக்குப் பழக்கமானவை. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் தனியார் வாகனங்களுக்கு வழி அடைபட்டிருந்தமையால், விற்றுவிட எண்ணியிருந்தவர்களும் கைவசமுள்ளதையே பழுதுபார்த்து ஓட்டவேண்டியதாயிற்று. இவ்வூரின் இருப்பிடமும் பழைய வண்டிக்கு அனுகூலமானதன்று. மேற்கே கடல், தெற்கே களனி கங்கை, வடக்கே முத்துராஜவெல சதுப்பு, இடையிலே 1804ஆம் ஆண்டில் வெட்டி முடிக்கப்பட்ட ஹமில்டன் கால்வாய் என்று நீர் சூழ்ந்த இடத்தில், உப்பும் ஈரமும் கலந்த காற்று செப்பு வயர்களின் முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றுவதையும், தாங்கியின் உட்புறத்திலும் இரும்புக் குழாய்களிலும் துருவைப் படியவைப்பதையும் யாரால் தடுக்க முடியும்?

பழுதைத் தேடப் புகுமுன் யந்திரத்தின் சுபாவத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். 1897ஆம் ஆண்டில் ஜேர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரத்தில் ருடோல்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு இடமே இல்லை; காற்றை மிகுதியாக அமுக்கினால் பிறக்கும் உஷ்ணமே அங்கு எரிபொருளைப் பற்றவைக்கிறது. நாம் பேசும் பழைய ஜப்பானிய எஞ்சின்களில் காற்று 22, 23 மடங்கு அமுக்கப்படுகிறது. அந்தச் சூட்டின் நடுவே, ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தத்தில் திறந்துகொள்ளும் நொசல் டீசலைத் தூவுகிறது. வண்டி நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது ஒரு தடவையில் தூவப்படும் டீசல் இரண்டு மூன்று கடுகின் அளவுதான். நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் அப்படி 1600 தடவை, அதாவது செக்கனுக்கு இருபத்தாறு இருபத்தேழு தடவை, அந்தச் சிறு அளவு பிசகாமல் போய்ச் சேரவேண்டும். ஆகவே கடுகளவு காற்றுக் குமிழி ஒன்று டீசலுக்குப் பதிலாகப் பம்பினுள் புகுந்தால்கூட ஒரு துடிப்பு தவறிப்போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. இவ்வகைக் கார்களில் பெரும்பாலும் காணப்படும் சுழல்வகைப் பம்பில் ஒரே ஒரு தண்டுதான் நான்கு சிலிண்டருக்கும் முறையாக டீசலைப் பங்கிட்டு அனுப்புகிறது. எனவே எப்போதும் ஒரே சிலிண்டர்தான் தவறுகிறது என்றால், அந்தப் பொதுத் தண்டைக் குறைகூறுவதற்கு நியாயம் குறைவு. அந்தச் சிலிண்டருக்கே உரிய நொசல், அதற்குச் செல்லும் குழாய், குழாய் தொடங்கும் இடத்திலுள்ள சிறு வால்வு, அல்லது அமுக்கம் ஆகியவற்றில் ஒன்றையே சந்தேகிக்கவேண்டும். தவறு ஒரு சிலிண்டரில் நிலைத்து நில்லாமல் அலைந்து திரிகிறது என்றாலோ, பம்புக்கு முன்னால், தாங்கியிலிருந்து பில்டர் வரையுள்ள வழியிலேயே காரணத்தைத் தேடவேண்டும். 'பம்ப் போய்விட்டது, கழற்றி வேலை செய்யவேண்டும்' என்ற தீர்ப்பைக் கேட்டுப் பெருந்தொகையைச் செலவழித்த பின்னும் அதே குலுக்கம் திரும்பி வரக் கண்டவர்கள் பலர். இந்த ஒரு பாகுபாட்டை முதலிலேயே செய்துகொள்ளாமையே அவர்களுடைய நஷ்டத்துக்குக் காரணம்.

பழுது எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அது எப்போது வருகிறது என்று கேட்கவேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. அதிகாலையில் எடுத்த முதல் நிமிடத்தில் மட்டும் குலுங்கி, வெண்புகை கக்கி, பிறகு அடங்கிவிடுமானால், ஒரு சிலிண்டரின் ஹீட்டர் பிளக் எரிந்துபோயிருக்கலாம், அல்லது அமுக்கம் தளர்ந்திருக்கலாம். குளிர் அறியாத இக்கடற்கரையில் அக்குறை அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் தெரிவதே அபூர்வம். இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுழற்றியபின்பே பற்றி, சிறிது நேரம் விக்கி விக்கி ஓடினால், குழாயிலிருந்த டீசல் தாங்கிக்கு இறங்கிவிட்டது என்று பொருள். எங்கேயோ ஓர் இணைப்பு காற்றை உள்ளே விடுகிறது. புறப்பட்டு அரை மணி நேரம் நன்றாக ஓடி, அதன்பின் இழுவை குறைந்து தடுமாறுமானால், தாங்கியின் மூச்சுவழி அடைபட்டு உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கலாம். அந்தச் சமயத்தில் மூடியைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு உட்புகும் ஓசையே சாட்சி சொல்லும். பள்ளத்தில் விழும்போது மட்டும் துண்டித்தாற்போல் ஒரு கணம் நின்று ஓடினால், பம்பில் பூட்டியுள்ள சொலனொய்டின் வயரைப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது 12 வோல்ட் மின்சாரம் பெற்று டீசலுக்கு வழிவிடுவதும், மின்சாரம் நின்றவுடன் வழியை மூடுவதுமே அதன் தொழில்; களிம்பேறிய முனை சற்று அசைந்தாலும் எஞ்சினின் உயிரே ஒரு கணம் அறுந்துபோகும். மழைக்குப் பிறகோ, வண்டி பல நாள் நின்ற பிறகோ தோன்றும் குலுக்கத்துக்குத் தண்ணீரைச் சந்தேகிப்பது நலம். 2022ஆம் ஆண்டில், கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரப் பங்கீடாக எரிபொருள் வாங்கிய அந்நாட்களில், தாங்கிகள் பாதிக்குக் கீழேயே கிடந்தன. வெறுமையான பாகத்துக் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்க, அந்நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து உண்டாக்கும் கரிய வழுவழுப்பு பில்டரை அடைத்துவிடும். பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

காற்றுக் கசிவின் விசேஷம் ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். தாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள வழி உறிஞ்சும் வழியாதலால், அதில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டுவதில்லை. காற்றே உள்ளே போகிறது. 'எங்கும் ஈரமில்லை, ஆகவே கசிவில்லை' என்று முடிவுகட்டுவது இதனால் தவறாகிறது. பில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெளிந்த ஹோஸ் ஒன்றைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டால், குமிழிகள் ஓடுவது கண்ணாரத் தெரியும். தெரிந்தால், சிறு டீசல் கேன் ஒன்றை எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு அதிலிருந்து நேரே பம்புக்கு ஊட்டிப் பார்க்கவேண்டும். குலுக்கம் மறைந்துவிடுமானால் பம்பும் நொசலும் நிரபராதிகள்.

எனக்குத் தெரிந்த ஹெந்தளை வாசி ஒருவரின் காரில் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த உதாரணம். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர், களனிப் பாலத்தில் ஏறும்போது வண்டி விக்குகிறது என்றும், 'செட்'டுக்குப் போய் டீசல் அடித்தால் சரியாகிவிடுகிறது என்றும் கண்டு, எரிபொருளின் தரந்தான் நாளுக்கொரு விதமாக இருக்கிறது என்று தீர்மானித்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கராஜ் வைத்திருக்கும் இளைஞரோ ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாஸ்டர், மிஸ் அடிக்கேக்க தாங்கியில எவ்வளவு டீசல் இருந்தது?"

"அதை ஆர் தம்பி பார்த்தது? முள்ளு கீழ வந்தாப்பிறகுதானே நான் அடிக்கிறனான்."

அந்தப் பதிலிலேயே நோய் வெளிப்பட்டுவிட்டது. தாங்கியினுள் இறங்கும் உறிஞ்சு குழாயின் நடுப்பகுதியைத் துரு அரித்து ஊசித்துளை போட்டிருந்தது. டீசல் அந்தத் துளைக்கு மேலே நிற்கும்வரை துளையின் வழியாகவும் டீசலே போயிற்று. மட்டம் கீழே இறங்கியதும், அதிலும் ஏற்றத்தில் வண்டி சாய்ந்து எஞ்சின் கூடுதலாக இழுக்கும் வேளையில், காற்று புகுந்தது. குழாயை மாற்றியதோடு விவகாரம் முடிந்தது. பம்பைக் கழற்றவேண்டிய தேவையே எழவில்லை.

ஒரே சிலிண்டரில் நிலைத்து நிற்கும் பழுதுக்கு வேறு பரீட்சை. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, நொசலுக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, பிறகு இறுக்கவேண்டும். தளர்த்தியவுடன் ஓட்டம் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாறுதலும் இல்லையென்றால் அதுவே சோம்பேறி. அதன் நொசலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டும்போது தவறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி நொசல். மாறாவிட்டால் அமுக்கத்தை அளக்கவேண்டும். நல்ல எஞ்சினில் சதுரசென்ரிமீற்றருக்கு 30 கிலோகிராம் அளவில் நிற்பது, 20-க்குக் கீழே இறங்கினால் வேலை எஞ்சினின் உள்ளேதான். ஆனால் எச்சரிக்கை ஒன்று: நொசல் குழாயின் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் இறங்கக்கூடியது. நட்டின்மேல் கனத்த துணி போட்டு, கண்ணாடி அணிந்து, அனுபவமுள்ளவர்களே இதைச் செய்யவேண்டும். 1997ஆம் ஆண்டிலிருந்து கார்களில் வரத் தொடங்கிய 'கொமன் ரெயில்' எஞ்சின்களில் அழுத்தம் பன்மடங்கு அதிகம். அவற்றில் இந்தப் பரீட்சையை நினைத்தும் பார்க்கலாகாது.

ஆகவே வண்டிக்குள் ஒரு சிறு கொப்பியை வைத்திருங்கள். குலுக்கம் தோன்றும் ஒவ்வொரு முறையும் நேரம், எஞ்சினின் சூடு, தாங்கியின் மட்டம், ஏற்றமா சமதரையா, மழையா வெயிலா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கராஜில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது ஒருபோதும் தெரியவராது. வயர் முனை, ஹோஸ், கிளிப், பில்டர், அதன்பின் நொசல், எல்லாம் பார்த்து முடிந்த பிறகே பம்ப் என்ற வரிசையைக் கைவிடாதீர்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பம்ப் விலை விசாரிக்கப் புறப்படும் முன் அந்தக் கொப்பியின் ஒரு பக்கமாவது நிரம்பியிருக்கட்டும்.

அடுத்த வாரம்: நெரிசலில் மட்டும் கொதிக்கும் ரேடியேட்டர்.