விரத காலத்தில் முக அழகுச் சிகிச்சை: எப்போது செய்யலாம், எப்போது கூடாது

விரத நாளில் செய்யும் பீல் (அமிலம் பூசித் தோலை உரிப்பது), லேசர், ஊசி முதலிய முக அழகுச் சிகிச்சைகள் கெடுதலாக முடிவதற்குப் பெரும்பாலும் காரணம், நாள் பார்க்காமல் செய்வதுதான். தேனி மாவட்டத்தில் மூன்று காலங்களில் இது கூடுகிறது. சித்திரைக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், பெரியகுளம் ஊர்களில் ரமலான் நோன்பு. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பன் மாலை. திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் ஒரு வாரம் இருக்கும்போது ‘முகம் பளிச்சென்று ஆகணும்’ என்று வருவோர் ஒரு பக்கம். எங்கோ பீல் செய்து, வெயிலில் கருகி, வீட்டு வைத்தியமும் பார்த்துவிட்டுத் தாமதமாக வருவோர் இன்னொரு பக்கம்.

வெறும் வயிற்றில் என்ன நடக்கிறது

பட்டினியாலும் தண்ணீர் குடிக்காததாலும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும் உடலில் ஊசி குத்தினால், நாற்காலியிலேயே மயங்கி விழுவோர் உண்டு. மரத்துப்போவதற்கான க்ரீமை முகம் முழுக்கத் தடிமனாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, நேரம் போவது தெரியாமல் விட்டால் மருந்து இரத்தத்தில் ஏறும். அப்போது வரும் தலைசுற்றலையும் உதட்டு மரப்பையும் ‘விரதக் களைப்பு’ என்று விட்டுவிடுவது ஆபத்து.

சிகிச்சைக்குப் பிறகு தரும் மாத்திரைகளும் வயிற்றைப் பார்த்தே வேலை செய்கின்றன. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றில் புண் வரலாம். பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளினை ஸஹர் முடிந்த அவசரத்தில் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஐசோட்ரெட்டினாயின் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால்தான் உடலில் சேரும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் நோன்பு நாளில் அழகுச் சிகிச்சைக்கு வருவது தேவையற்ற துணிச்சல்.

திருவிழாவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்

கிளைகாலிக், சாலிசிலிக் போன்ற மேலோட்டமான பீலுக்குப் பின் தோல் உரிந்து அடங்க மூன்று முதல் ஏழு நாள் ஆகும். அதன்பிறகும் இரண்டு வாரமாவது வெயில் படாமல் காக்க வேண்டும். ஆகவே திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. பருக்குழிக்கான லேசரோ ஊசி உருளை சிகிச்சையோ என்றால் திருவிழாவுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடிக்க வேண்டும். போடாக்ஸ் முழுதாகத் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஃபில்லரால் வரும் வீக்கமும் நீலமும் வடியவும் ஏறக்குறைய அதே காலம்.

வீரபாண்டிக்குத் தனிக் கவனம் தேவை. கோயிலில் கம்பம் நட்ட நாளிலிருந்து விரதம் பிடித்து, முல்லையாற்றுத் தண்ணீரைக் கம்பத்துக்கு ஊற்றி, திருவிழா நாளில் தீச்சட்டி ஏந்துகிறவர்கள் அக்னி நட்சத்திர வெயிலில் நடக்கிறார்கள். வேப்பிலை வைத்துப் பிடித்த சட்டியில் எரியும் கட்டையின் அனல் நேராகத் தாடைக்கும் கன்னத்துக்கும் அடிக்கிறது. மங்கு வெயிலால் மட்டும் கூடுவதில்லை, அனலாலும் கூடும். பீல் செய்த பத்தாம் நாள் சட்டி எடுத்தவரின் கன்னத்தில் படரும் கருமை மறைய மாதக்கணக்கு ஆகலாம். அலகு குத்த நேர்ந்துகொண்டவர் அந்த ஆண்டு கன்னத்தில் ஃபில்லர், லேசர் எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வதே சரி.

நோன்பு நோற்பவர் ரமலானுக்கு முன்பே முடிக்கலாம், அல்லது பெருநாள் கழித்து வரலாம். தள்ளிப்போட முடியாத சிறு சிகிச்சை என்றால் இஃப்தார் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, கஞ்சியும் தண்ணீரும் உள்ளே போனபின் செய்துகொள்ளலாம். மாலை போட்டவர் சவரம் செய்வதில்லை. முடி அகற்றும் லேசருக்கோ முடியை மழித்தாக வேண்டும். எனவே சபரிமலைக்குப் போய் மாலை கழற்றிய பிறகே அது.

நம்பிக்கைகளும் நடப்பும்

‘விரதம் இருந்தால் உடம்புக் கழிவெல்லாம் போய்த் தோல் சுத்தமாகும், அப்போது பீல் செய்தால் நன்றாகப் பிடிக்கும்’ என்பது பரவலான பேச்சு. கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். தண்ணீர் குறைந்த தோல் வறண்டு, உதடு வெடித்துக் கிடக்கும். அதன்மேல் அமிலம் பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

‘க்ரீம் பூசினால் நோன்பு முறியும்’ என்று சன்ஸ்கிரீனைக்கூட நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிப்பூச்சால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பெரும்பாலோரின் கருத்து. சத்து ஏற்றும் டிரிப் வேறு விஷயம். சந்தேகம் இருந்தால் பள்ளிவாசலில் கேட்டுத் தெளியலாம். நிறம் வெளுக்க நரம்பில் ஏற்றும் குளுட்டாதயோன் டிரிப்பை நோன்பு நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் கேட்கக் கூடாது. நிறத்துக்காக அதை ஏற்ற இந்தியாவில் ஒப்புதல் கிடையாது.

‘எலுமிச்சை தேய்த்தால் கறை போகும்’ என்பது சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம். கொப்புளம் ஆறினால் கருந்தழும்பு நிற்கும். நலங்கு மாவும் கஸ்தூரி மஞ்சளும் நல்ல தோலுக்குப் பழுதில்லை. உரிந்த தோலில் தேய்த்தால் புண்ணாகும். தீச்சட்டிக் காயத்துக்குப் பற்பசை, சாம்பல், மாவு எதுவும் வேண்டாம். முதலில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை அதன்மேல் ஓடவிடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது மெடிக்கலில் கேட்டு வாங்கும் ‘வெள்ளைக் க்ரீம்’. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், பத்து நாளில் பளபளத்தது என்று மாதக்கணக்கில் பூசுகிறார்கள். அதில் இருப்பது ஸ்டீராய்டு; பலவற்றில் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். பூசும்வரை மினுமினுப்பு, நாளடைவில் மீசை முடி, நிறுத்தினால் சிவப்பு, எரிச்சல், பரு. அப்படி மெலிந்த தோலில், க்ரீம் போட்டதையே சொல்லாமல் பீல் செய்துகொண்டால் வெந்துபோகும். 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. எந்தச் சீட்டும் இல்லாமல் அவை கைமாறுவதும், பாதிக்கப்பட்ட பிறகே மருத்துவரைத் தேடுவதும் இன்றுவரை நிற்கவில்லை.

பெயர் தெரியாத வெளிநாட்டு டப்பாக்களில் பாதரசமும் இருக்கலாம். மலை தாண்டிக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 15 பேருக்கு அதன் ஓர் அரிய வகை இருந்தது; அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சிறுநீரில் நுரை, காலில் வீக்கம் என்றுதான் அது தொடங்குகிறது. ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தோடு பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு கேடு என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பரிசோதனைகள்

சிகிச்சைக்கு முன் பெரும்பாலும் சர்க்கரை, ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம் பார்த்தால் போதும். பாதரசச் சந்தேகம் இருந்தால் சிறுநீரும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

விரதம் இருப்பதை, எந்த நாளில் முடிகிறது என்பதை, தீச்சட்டியோ அலகோ நேர்ந்திருப்பதை, போடும் மாத்திரையை, பூசும் க்ரீமை மறைக்காமல் சொல்லுங்கள். டப்பாவையே கையில் கொண்டுவாருங்கள், யாரும் திட்டமாட்டார்கள். உதட்டுக் கொப்புளம் அடிக்கடி வருமென்றால் அதையும் சொல்லுங்கள். லேசருக்கு முன்பே மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடலாம். அழகு நிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று அமிலத்தையும் லேசரையும் முகத்தில் வாங்கிக்கொள்ளாதீர்கள். தோலில் எரிச்சலோ கருமையோ தெரிந்தால் வீட்டிலேயே ஒரு வாரம் பார்க்க வேண்டாம், மறுநாளே வாருங்கள். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல் பிரிவில் கட்டணம் இல்லாமலே காட்டலாம். வேண்டுதலை நிறைவாக முடியுங்கள். முகச் சிகிச்சை அதற்கு ஒரு மாதம் முன்போ பின்போ இருக்கட்டும்.