படை விட்டும் விடாத வலி: பெண்களுக்குப் பொருந்தாத அளவுகோல்

புதுதில்லி: சந்தனக் காடுகளுக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்ற மறையூர், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழ் பேசும் மக்கள் நிறைந்த மலைப் பகுதி. ஒருபுறம் சுமார் 40 கி.மீ. தொலைவில் மூணாறு, மறுபுறம் சின்னாறு வழியே இறங்கினால் உடுமலைப்பேட்டை. ஓய்வுபெற்று இங்கு வந்து தங்கும் படைவீரருக்குத் தீராத முதுகுவலி என்றால், கொச்சியில் உள்ள கடற்படையின் சஞ்சீவனி மருத்துவமனையை அடைய மலைப் பாதையில் சுமார் 170 கி.மீ. செல்ல வேண்டும். அந்தப் பயணமே வலியைக் கூட்டிவிடும்.

ஆண் படைவீரருக்கு இது தொலைவுப் பிரச்னை. படையில் பணியாற்றித் திரும்பிய பெண்ணுக்கோ தொலைவுக்கு முன்பாகவே வேறொரு தடை நிற்கிறது. அந்தத் தடை மலையில் இல்லை; தில்லியில் வகுக்கப்பட்ட விதிகளில் இருக்கிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவ உலகம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் தரப்பட்டது.

படைவீரர்களிடையே இந்த வலி அதிகம் என்பது அமெரிக்காவில் நன்கு பதிவாகியுள்ளது. 2010 முதல் 2014 வரை திரட்டப்பட்ட தகவல்களின்படி, அந்நாட்டு முன்னாள் படைவீரர்களில் 65.6 சதவீதத்தினர் முந்தைய மூன்று மாதங்களில் வலியை அனுபவித்ததாகக் கூறினர். கடும் வலி 9.1 சதவீதத்தினருக்கு இருந்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு, முதுகு, மூட்டு, தசை தொடர்பான வலிகள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்று கண்டறிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த இடைவெளி விரிந்துகொண்டே போனது.

பயிற்சிக் காலத்தில் எலும்பில் ஏற்படும் நுண்முறிவுகள் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆணின் உடலுக்கு அளவெடுத்த கவசமும் முதுகுச் சுமையும் பெண்ணின் இடுப்பையும் தோளையும் வேறு விதமாக அழுத்துகின்றன. ஆராய்ச்சிக் கூடங்களும் பெண்களைக் கவனிக்கவில்லை. வலி பற்றிய முன்னணி மருத்துவ இதழில் பத்தாண்டுகளில் வெளியான விலங்குப் பரிசோதனைகளில் 79 சதவீதம் ஆண் எலிகளை மட்டுமே கொண்டு நடத்தப்பட்டவை என 2005-இல் கணக்கிடப்பட்டது. எலிகளின் உடலில் வலி நீடிக்கக் காரணமாகும் நோய் எதிர்ப்பு உயிரணுக்களே ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறாகவும் இருப்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

உச்ச நீதிமன்றம் கண்ட குறை

அளவுகோலில் உள்ள இந்தக் கோணலை உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 25-இல் சுட்டிக்காட்டியது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க 2020 பிப்ரவரியில் அது உத்தரவிட்டிருந்தது. ராணுவமோ நாற்பது வயதைக் கடந்துவிட்ட அதிகாரிகளிடமும் முழு உடல்தகுதியை எதிர்பார்த்தது. உடன் சேர்ந்த ஆண்களுக்கு இந்தச் சோதனை பணியின் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டிலேயே, இளம் வயதிலேயே முடிந்துவிட்டது.

இது மறைமுகப் பாகுபாடு என்று கூறிய நீதிமன்றம், ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில் இருந்த உடல்தகுதியையே பெண்களுக்கும் கணக்கில் கொள்ள உத்தரவிட்டது. உழைத்துத் தேய்ந்த உடலை, உழைக்கத் தொடங்கிய உடலோடு ஒப்பிட முடியாது என்பதே இதன் சாரம்.

பணியில் இருந்தவர்களுக்கு நியாயம் கிடைத்தது. பணியை விட்டுச் சென்றவர்களின் நிலை வேறு.

மூடியிருந்த கதவு

மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண்கள் 1992-இல்தான் ராணுவ அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டனர். அதுவும் குறுகிய காலப் பணியில். அதிகாரி ஒருவர் ஓய்வூதியம் பெற 20 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அதற்கு முன்பே அவர்களில் பலர் வெளியேற வேண்டியிருந்தது.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியபோது, ஓய்வூதியம் பெறுவோருக்கே அதில் இடம் இருந்தது. எனவே முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் வெளியேறிய குறுகிய காலப் பணி அதிகாரிகளுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. இது அதே வகைப் பணியில் இருந்த ஆண்களையும் பாதித்தது. ஆனால், ஆண்களுக்கு நிரந்தரப் பணி என்ற மாற்று வழி இருந்தது. பெண்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. 2019 மார்ச்சில்தான் குறுகிய காலப் பணி அதிகாரிகளுக்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது.

ராணுவச் செவிலியர் பணியின் தொடக்கம் 1888. நோயாளிகளைத் தூக்குவதும் நெடுநேரம் நிற்பதும் செவிலியரின் முதுகை வாட்டும் வேலைகள். ஆனாலும் அவர்களும் 'முன்னாள் படைவீரர்' என்ற சொல்லுக்குள் அடங்குவர் என்பதை, பஞ்சாப் அரசுப் பணி இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எக்ஸ்-ரே காட்டாத நோவு

ஊனமுற்றோர் ஓய்வூதியத்திலும் சிக்கல் உண்டு. வழக்கமான ஓய்வில் செல்வோருக்கு ஊனம் 20 சதவீதத்துக்குக் குறைவு என மருத்துவ வாரியம் கருதினால் ஊனத்துக்கான தொகை கிடைக்காது. துண்டான காலைக் கண்ணால் காணலாம். குண்டடியை எக்ஸ்-ரே காட்டும். ஆண்டுக்கணக்கில் தொடரும் இடுப்புவலியைப் பெரும்பாலும் நோயாளியின் சொல்லைக் கொண்டே அளக்க வேண்டும். பெண்ணின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி அங்கே எழுகிறது.

பணியில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பயன் பெண்களுக்கும் உண்டு. ஆனால், வாரியத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் அலைய உடலில் தெம்பு வேண்டும்.

அடுத்த தலைமுறை

2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியுள்ளது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாமல் வெளியேறுவோருக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. பணியினால் ஊனமுற்று விடுவிக்கப்படுவோருக்கு ஊனத்தின் அளவைப் பொருத்து ரூ.44 லட்சம், ரூ.25 லட்சம், ரூ.15 லட்சம் என ஒருமுறை உதவித்தொகை உண்டு. இருபது வயதில் தாங்கிய சுமை முப்பது வயதில் வலியாக முளைத்தால் யார் பொறுப்பு? இத்திட்டத்தில் பெண்களும் சேர்ந்து வருவதால் இது அவர்களின் கேள்வியும்கூட.

நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் ராணுவத்தில் எத்தனை பெண்கள் என்று கேட்கப்படுகிறது. எண்ணிக்கையும் பதிலாக வருகிறது. எத்தனை பெண்கள் வலியோடு வெளியேறினர், எத்தனை பேரின் கோரிக்கை எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது என்பதையும் ஆண், பெண் எனப் பிரித்து உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு அவையில் வைக்கப்பட்டால்தான் அளவுகோலைத் திருத்த முடியும். மறையூர் போன்ற மலையூர்களில் வாழும் பெண்ணுக்கு, மருத்துவமனைக்குச் செல்லும் வழி அதன் பிறகே திறக்கும்.