கிணற்று நீர் காட்டும் வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழைநீரே சுண்ணக்கல்லினூடே கீழிறங்கி, கடலின் உவர்நீர்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவராகவும் இருத்தல் இதற்குச் சான்றாகும்.

நீரிற் கரைந்துள்ள பொருள்கள் அது வந்த வழியைக் காட்டும். கல்சியமும் இருகாபனேற்றும் மிகுந்திருப்பின் அது சுண்ணக்கல்லைக் கரைத்து வந்த மழைநீர். சோடியமும் குளோரைட்டும் ஏறின், பெரும்பாலும் கடல்நீர் கலந்துள்ளது. நைத்திரேற்று மிகின், பசளையோ மலக்குழிக் கழிவோ ஊறியுள்ளது.

நன்னீர் மட்டம் 1 அடி தாழின், உவர்நீர் ஈற்றில் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும். ஆதலின் உவரேறிய கிணற்றை மேலும் அகழ்தல் பயன் தராது. அளவோடு இறைத்தலே நன்று. சுவை மாறுமுன் நீரைப் பரிசோதிப்பிக்கும் கமக்காரர் தமது வெங்காயத்தையும் மிளகாயையும் காத்துக்கொள்வர்.