அஞ்சல் வாயிற் காவல்

அஞ்சல் என்னுஞ் சொல்லுக்குத் தபால் என்பதோடு கைமாற்றிச் செலுத்துதல் என்னும் பொருளும் உண்டு. விளையாட்டுப் போட்டியில் நால்வர் கோல் மாற்றி ஓடுவதை அஞ்சலோட்டம் என்கின்றோமன்றோ? மின்னஞ்சலும் அவ்வாறே ஓடுவது. அனுப்புவோன் தன் வழங்கியிடங் கொடுக்க, அது பெறுவோனது வழங்கிக்குச் சேர்ப்பிக்கின்றது.

இதற்குரிய ஒழுங்குவிதியை யொனதன் போஸ்ரல் என்பார் 1982 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் இணையத்தைப் பயன்படுத்தியோர் மிகச் சிலர். ஆகவே, எவர் கொணர்ந்த கடிதத்தையும் எவ்விடத்துக்குங் கடத்திவிடுதல் உபகாரமாகவே கருதப்பட்டது. 1990 களில் விளம்பரக் கடிதங்களை இலட்சக்கணக்கில் ஏவுவோர் இவ்வுபகாரத்தைத் தமக்குக் கருவியாக்கினர். ஒரு கடிதத்தையும் நீண்டதொரு முகவரிப் பட்டியலையும் அயலார் வழங்கியிடங் கொடுத்துவிட்டால், எஞ்சிய உழைப்பெல்லாம் அதனுடையதே. பழியும் அதனுடையதே. பெறுவோர் அவ்வழங்கியைத் தடைப்பட்டியலிற் சேர்ப்பர். பின்னர் அதன் சொந்தக் கடிதங்களும் மறுக்கப்படும். என்னிடங் கற்ற மாணவனொருவனுக்கு ஒரு நிறுவனம் அனுப்பிய நேர்முகப் பரீட்சை அழைப்பு இவ்வாறே கிட்டாது போயிற்று. காரணத்தை நாம் அறிந்தபோது நாள் கடந்துவிட்டது.

சென்ட்மெயில் என்னும் மென்பொருள் 1998 இல் வெளிவந்த 8.9 ஆம் பதிப்பு முதல் இக்கதவைத் தானே சாத்திக்கொள்ளலாயிற்று. எனினும் அமைப்போரின் கவனக்குறைவு அதனை மீண்டுந் திறந்துவிடக்கூடும்.

விதி எளிது. பெறுவோன் நம்மவனாயின், கடிதத்தை எவரிடமிருந்தும் ஏற்கலாம். பெறுவோன் அயலானாயின், கொடுப்பவன் நம் வலையமைப்பினுள் இருத்தல் வேண்டும். அன்றேல் கடவுச்சொல்லால் தன்னை மெய்ப்பித்தல் வேண்டும். போஸ்ற்ஃபிக்ஸ் மென்பொருளில், இவ்விருவருக்கும் இசைவளித்து ஏனையோரை மறுக்கும் விதியை இறுதியில் வைத்தல் முறை. நம்பத்தக்க முகவரிகளைக் குறிக்கும் 'மைநெற்வேர்க்ஸ்' என்னும் இடத்தில் 0.0.0.0/0 என எழுதுவோன் உலகம் முழுவதையும் தன் வீட்டாராக்கி விடுகின்றான். அனுப்புவோன் எழுதிய பெயரை நம்பி வழிவிடுதலும் பேதைமையே. உறையின்மேல் எவரும் எப்பெயரையும் எழுதலாமன்றோ? வெளியார் தொடர்புகள் யாவும் இடைநின்ற கருவியொன்றின் உள்முகவரியோடு வந்து சேரும் அமைப்புகளும் உள. அங்கு விதி சரியாயிருந்தும் காவல் ஏமாறும்.

சோதனையை வெளியிலுள்ள கணினியொன்றிலிருந்தே செய்தல் வேண்டும். உள்ளிருப்போரை வழங்கி எப்போதும் அனுமதிக்குமாதலின் உள்ளிருந்து சோதித்துப் பயனில்லை. கடவுச்சொல் கொடாது, வேறிடத்திலுள்ள நும் முகவரியொன்றைப் பெறுவோனாகக் காட்டுக. 554 என்னும் எண்ணோடு மறுமொழி வரின் கதவு சாத்தியிருக்கின்றது. 250 என்று ஏற்குமாயின், விடியும்வரை காத்திராது அன்றிரவே திருத்துக.